பகடியின் எல்லை: ஒரு கார்ட்டூன் 'இறுதிப் போட்டி'யை முன்வைத்து

அமெரிக்காவின் 'சூப்பர் பவுல்' ஞாயிறை ஒட்டி, கார்ட்டூன் நெட்வொர்க் ஒரு வேலை செய்தது. ஓநாய் ஜாதியைச் சேர்ந்த கயோட்டியும் அது துரத்தும் ரோடு ரன்னர் பறவையும் வரும் பழைய படங்களை வரிசையாக ஓடவிட்டு, அதற்கு ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தின் ஒளிபரப்பைப் போலத் தோரணை கட்டியது. பெயர் 'தி பிக் கேம்'. சூப்பர் பவுல் என்பது நாம் சொல்லும் கால்பந்து அல்ல. உதைப்பதைவிடப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவதுதான் அதில் அதிகம். 1967இல் தொடங்கிய அந்த இறுதி ஆட்டம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய வியாபார நாளாகிவிட்டது. அந்த நாளைத்தான் ஒரு ஓநாயையும் ஒரு பறவையையும் வைத்துக் கேலி செய்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இது தொடர்ந்தது. 2001இல் பக்ஸ் பன்னி முயலுக்கும் டாஃபி வாத்துக்கும் 'போட்டி'. ஜெயிப்பது யார் என்று பார்வையாளர்களிடம் வாக்குக் கேட்டார்கள்.

பொம்மைப் படத்தைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் என்ன பேச்சு என்று கேட்கலாம். குழந்தைகள் சிரித்துவிட்டுப் போகட்டுமே என்றும் சொல்லலாம். சிரிக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் பகடி என்றாலே கலகம் என்று நம்மில் பலர் எழுதிக்கொண்டிருக்கிறோம். மிகயீல் பக்தீனின் திருவிழாச் சிரிப்பு பற்றிப் படித்த நாளிலிருந்து, எங்கே சிரிப்புக் கேட்டாலும் அங்கே அதிகாரம் ஆட்டம் காண்கிறது என்று எழுதிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க இந்தக் கார்ட்டூன் ஆட்டம் நல்ல உரைகல்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். சக் ஜோன்ஸ் இயக்கத்தில் 1949இல் முதல் படம் வந்ததிலிருந்து கயோட்டி துரத்திக்கொண்டேயிருக்கிறது. பறவை அதனிடம் சிக்குவதில்லை. ஏவுகணை, காந்தம், ராட்சதக் கவண் என்று 'ஆக்மி' என்கிற கம்பெனியிடமிருந்து ஒவ்வொன்றாக வரவழைக்கிறது. எல்லாம் அதன் தலையிலேயே வெடிக்கின்றன. அது ஒரு முறைகூடக் கம்பெனியிடம் போய் ஏன் இப்படி என்று கேட்பதில்லை. அடுத்த பார்சலுக்குக் காத்திருக்கிறது. இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. ஸ்கோர் போட்டால் ஒரு பக்கம் என்றைக்கும் பூஜ்யம்தான். முடிவே இல்லாத இந்தப் பிரதியின் மேல் முடிவைத் தவிர வேறெதற்கும் வாழாத ஒரு சட்டகத்தைக் கவிழ்த்தபோது ஓர் உண்மை தானாக வெளியே வந்துவிட்டது. வர்ணனையும் பரபரப்பும் மறுஒளிபரப்பும் ஆட்டத்திலிருந்து பிறப்பவை அல்ல. அவற்றை எதன் மேல் வேண்டுமானாலும் போர்த்தலாம். உள்ளே மனிதர் ஓடினாலும் ஒன்றுதான், கோட்டுச் சித்திரம் ஓடினாலும் ஒன்றுதான். மல்யுத்தத்தை ரொலாண் பார்த் ஒரு காட்சியாக வாசித்துக் காட்டியதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பார்த்துக்குக் கட்டுரை தேவைப்பட்டது, இவர்களுக்குப் பழைய படச்சுருளே போதுமாக இருந்தது.

பலம் இவ்வளவுதான். இந்தப் பகடி எதைத் தொடவில்லை என்று பாருங்கள். வர்ணனையாளரின் குரலைக் கேலி செய்கிறது. தோரணையைக் கேலி செய்கிறது. விளம்பர இடைவேளையை மட்டும் கேலி செய்ய முடியவில்லை, ஏனென்றால் அதுவும் அந்த இடைவேளையை விற்றுத்தான் பிழைக்கிறது. 1998இல் சூப்பர் பவுலில் முப்பது விநாடி விளம்பரத்துக்கு ஏறக்குறைய 13 லட்சம் டாலர் விலை. 2024இல் அது 70 லட்சத்தை எட்டியது. இந்தக் கணக்கில்தான் ஆட்டத்தின் அதிகாரம் இருக்கிறது. அங்கே கைவைக்காத கேலி வாசலில் நின்று முகம் சுளித்துக் காட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் தானும் அதே சரக்கைப் பரப்பிவைக்கிறது. விமர்சன முனை மழுங்கிய போலச்செய்தல் என்று ஃபிரெடரிக் ஜேம்சன் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

கேலி செய்பவரிடமிருந்து முதலாளி பாடம் படித்துக்கொள்வதும் உண்டு. 1992 சூப்பர் பவுலின் இடைவேளையில், ஃபாக்ஸ் சேனல் கறுப்பினக் கலைஞர்கள் முன்னின்ற 'இன் லிவிங் கலர்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை நேரலையாக விட்டது. இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் ஆட்டத்தை விட்டு அங்கே தாவினார்கள். இது கலகமாகத்தான் தெரிந்தது. மறு ஆண்டே, 1993இல், லீக் நிர்வாகம் மைக்கேல் ஜாக்சனை இடைவேளை மேடையில் ஏற்றியது. கலகம் போட்டுத் தந்த பாதையில் விளம்பர விலை நடந்து போயிற்று. 2005இல் அனிமல் பிளானட் நாய்க்குட்டிகளை வைத்து 'பப்பி பவுல்' தொடங்கியது. இன்று அதுவும் அந்த நாளின் சடங்குகளில் ஒன்று. எதிர்த்திசையில் ஓடுவதாக நினைத்தவர்கள் எல்லாம் அதே மைதானத்தின் இன்னொரு மூலையில் நிற்கிறார்கள்.

இன்னொன்று, சரக்கு யாருடையது என்பது. கார்ட்டூன் நெட்வொர்க்கின் உரிமையாளரான டர்னர் நிறுவனம் 1996இல் டைம் வார்னரோடு இணைந்தது. பழைய திரையரங்குப் படங்கள் பெட்டி பெட்டியாகக் கையில் இருந்தன. ஏற்கெனவே வரைந்து முடித்த உழைப்பை நாள் முழுக்க மறுபடி ஓட்டுவதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. 'போட்டி' அந்தச் சாக்கு. அந்தக் கோடுகளை இழுத்த கைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1941இல் டிஸ்னியின் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு, வார்னருக்குப் படம் செய்து கொடுத்த லியோன் ஷ்லெசிங்கர் தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்துத் தன் ஸ்டுடியோவைக் கதவடைத்து, பின்பு இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டார். உண்மையிலேயே இரண்டு அணிகள் மோதிய ஆட்டம் அது. அதற்கு வர்ணனை சொல்ல எந்தச் சேனலும் வரவில்லை.

இங்கே வருவோம். 1995இல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் பிற்பாடு 'டூன் கிரிக்கெட்' என்று ஒன்றை நடத்தியது. கார்ட்டூன் உருவங்களின் வேடம் போட்டவர்கள் மைதானத்தில் மட்டை பிடித்தார்கள். பிள்ளைகள் கத்தியது டாமுக்கும் ஜெர்ரிக்கும். பஞ்சடைத்த உடுப்புக்குள் வேர்த்துக் கொட்டியவருக்கு அங்கே பெயர் கிடையாது. பிறகு 2008இல் ஐ.பி.எல். வந்தது. மறு ஆண்டே ஆட்டத்தின் நடுவில் 'வியூக இடைவேளை' என்று நேரம் ஒதுக்கினார்கள். வியூகம் ஆட்டக்காரருக்கு, இடைவேளை விளம்பரக்காரருக்கு. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. விளம்பரத்துக்காக ஆட்டத்தையே நிறுத்திவைப்பது கார்ட்டூனில் வந்தால் நகைச்சுவை. நாம் அதை ஆட்ட விதி என்று ஏற்றுக்கொண்டு தேநீர் குடிக்கப் போகிறோம். பகடி செய்ய வேண்டியதை மூலமே செய்துகொண்டுவிட்டால் பகடிக்காரருக்கு என்ன வேலை மிச்சம்?

மிச்சம் இருக்கிறது. கொங்குக் கிராமங்களில் டியூப்லைட் கட்டி விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டியில் மைக் பிடிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். ரைடு போகிறவரைப் பட்டப்பெயர் சொல்லி ஏற்றிவிடுவார். தொட்ட கையோடு பிடிபட்டால், "ஏனுங்க மாப்ள, வந்த வழி மறந்துபோச்சுங்களா" என்பார். அதே மூச்சில் அன்பளிப்புக் கொடுத்தவர் பெயர், காணாமல் போன வண்டிச் சாவி, வழியில் நிற்கும் டெம்போவை எடுக்கச் சொல்லி அதட்டல். கமிட்டித் தலைவருக்கும் ஒரு குத்து விழும். அங்கே காசு கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிறார். தெரிவதால் அவரையும் கேலி செய்ய முடிகிறது. ஆனால் அந்த மைக்கிலும் ஜாதிப் பெருமை ஏறும், குடும்பப் பெயருக்கு ஏற்பக் குரல் குழையும். அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 2014இல் புரோ கபடி தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் சேர்ந்தபோது, மண் போய் மெத்தை விரிப்பு வந்தது, 30 விநாடிக் கடிகாரம் திரையில் ஓடியது. அதில் ஆட்டக்காரனுக்கு நாலு காசு வந்தது உண்மை, அதை மறுப்பது மேட்டிமைத்தனம். கூடவே, காசு கொடுத்தவரைக் கேலி செய்யும் குரல் காணாமல் போனதும் உண்மை.

இதையெல்லாம் வெள்ளகோவிலிலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் விசைத்தறி. மேற்கே பஸ் ஏறினால் திருப்பூர். உலகக் கோப்பை வருகிற வருஷத்தில் ரசிகர் போடும் பனியனுக்கு ஆர்டர் வரும். கார்ட்டூன் உருவம் அச்சிட்ட குழந்தைகள் உடுப்புக்கு வருஷம் முழுக்க வரும். அணியின் நிறமும் முயலின் பல்லும் ஒரே ஊரின் பிரிண்டிங் பட்டறைகளில் காய்கின்றன. ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று கை மாறி அட்டைப்பெட்டியில் ஏறுகின்றன. தையல் கோணினால் 'செகண்ட்ஸ்' ஆகிக் காதர்பேட்டையில் குவிகின்றன. ஆட்டம் ஒரு பக்கம், ஆட்டத்தின் கேலி மறுபக்கம் என்று தொலைக்காட்சியில் தெரிகிற இரண்டும் இங்கே ஒரே பீஸ் ரேட்டில் ஒன்றாகிவிடுகின்றன. கயோட்டிக்கு வரும் பார்சலை யார் கட்டி அனுப்புகிறார்கள் என்று அந்தப் படங்கள் கேட்டதே இல்லை. ஆக்மி வெறும் பெயர்ப்பலகை. அதற்குள் ஷிப்டும் இல்லை, ஓவர்டைமும் இல்லை.

பகடி எழுதும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மேலே இருப்பவரின் குரலைப் போலப் பேசிக் காட்டுவது சுலபம். அவர் அதை ரசித்துக் காசும் கொடுப்பார். இறுதிப் போட்டிக்கு உண்டான அந்த வர்ணனை மொழியைப் பிடுங்கி, ஏற்றுமதித் தேதி நெருங்கும் ஒரு ராத்திரி ஷிப்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பீஸ், எத்தனை நிமிஷம், யார் எழுந்து ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டார்கள், இடைவேளையை விழுங்கியது யார், கடைசியில் ஸ்கோர் என்ன என்று. அதற்கு விளம்பரதாரர் யாரும் வர மாட்டார். வராமல் போவதுதான் அந்தப் பகடி எதையோ தொட்டுவிட்டது என்பதற்கு அத்தாட்சி.