தேய்ந்ததாய்த் தோன்றும் எழுத்து

நெல்லித்தோப்புச் சந்திப்பிலிருந்து மறைமலை அடிகள் சாலை வழியே நடப்போர் இன்று ஒருவகை எழுத்தைக் காணாமல் தப்ப இயலாது. கரியை அள்ளிப் பூசினாற்போன்ற தடிப்பு. ஆயினும் உடலெங்கும் கீறல்கள், காரை பெயர்ந்த சுவரைப் போன்ற உதிர்வுகள். திரைப்படத் தலைப்பு, தலைவரின் பிறந்தநாள் பதாகை, கண்ணீர் அஞ்சலி எனப் பேதமின்றி எங்கும் அதே முகம். தவக்காலச் சுவரொட்டிகளிலும் அது புகுந்துவிட்டதால், அதன் தோற்றத்தையும் பயனையும் சற்று ஆராய்வது பொருத்தமே.

இவ்வெழுத்து அச்சுக்கூடத்தின் முதுமையைப் போலச் செய்கிறது. ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த அச்செழுத்து மென்மையானது. எண்ணற்ற தாள்களை அழுத்தியபின் அதன் முனை மழுங்கும். துண்டறிக்கைக்குரிய பேரெழுத்துகளை மரத்தில் செதுக்கினார்கள். கீறல் விழுந்த இடத்தில் மை பற்றாது வெள்ளைக் கோடாய் நிற்கும். அது உழைப்பின் தழும்பு. ஆனால் எந்த அச்சுக்கோப்பாளரும் அதை விரும்பித் தேடியதில்லை. முசே, துப்புயி அடிகளார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதியைப் புதுவை மிஷன் அச்சகம் 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாக வெளியிட்டபோது, கூர்மையே அவர்கள் நாடிய அழகு.

1991இல் நெதர்லாந்துக் கலைஞர் எரிக் வான் பிளாக்லாண்ட், பழைய தட்டச்சுப் பொறியின் அழுக்கேறிய எழுத்துகளைக் கணினிக்குள் கொணர்ந்து 'டிரிக்ஸி' என்ற எழுத்துருவை அமைத்தார். அதில் புதுமை இருந்தது. இன்றைய நகல்களிலோ பெரும்பாலும் ஒரே காயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 'பட்டம்' என்று எழுதிப் பாருங்கள்: இரண்டு டகரங்களிலும் அதே இடத்தில் அதே வடு! மெய்யான தேய்வு இப்படி இரட்டைப் பிள்ளைகளைப் பெறுவதில்லை.

தமிழுக்கு இதில் தனி இடரும் உண்டு. உரோமன் எழுத்து சில கீறல்களைத் தாங்கும். நம் எழுத்தோ ஒரு புள்ளியாலும் ஒரு சுழியாலும் பொருள் மாறுவது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்க நூல். அதில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லை, படிப்பவரே இடமறிந்து இட்டுக்கொள்ள வேண்டும். எகர ஏகாரங்களை வடிவத்தால் பிரித்தறியச் செய்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவர் தந்த அந்தக் கீழிழுப்பின்மேல் ஓர் அலங்காரக் கீறல் விழுந்தால், பெரிய வெள்ளியின் 'ஏழு வார்த்தைகள்' 'எழு வார்த்தைகள்' ஆகிவிடும். தெறித்த மைத்துளியொன்று தலைமேல் அமர்ந்தால் 'பல' என்பது 'பல்' ஆகும். வடிவமைப்பாளர் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறார். வாசகரோ ஓடும் பேருந்திலிருந்து பார்க்கிறார்.

இவ்வெழுத்தை முற்றிலும் விலக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. 'தாகம்' என்ற ஒரே சொல், சுற்றிலும் வெற்றிடம், கீழே தெளிவான சிற்றெழுத்து — அங்கே அது நன்கு பேசும். இரண்டாம் வரிக்கு வந்ததுமே கூச்சலாகிறது. இடமும் நேரமும் சொல்லும் வரிகளில் அது வெறும் தடை.

அஞ்சலிப் பதாகையில் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஊரார் கண்முன் கடைசியாக ஒருமுறை அக்குடும்பம் வைக்க விரும்பிய பெயர் அது. இறந்தவர் கூலி வேலை செய்தே தேய்ந்தவராய் இருக்கலாம்; அவர் பெயராவது உடையாமல் முழுதாய் நிற்கட்டுமே. பதாகை அடிப்பவரிடம் கேட்டால் மாற்றித் தருவார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.