எங்கே அறுபட வேண்டும்

சல்ஃபாசலசீன் எழுதிக்கொடுக்கும் மருத்துவர் கூடவே ஒன்றைச் சொல்லி அனுப்புவார்: "சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும், பயந்துடாதீங்க." சொல்லாமல் விட்டால் மறுநாளே போன் வரும். மாத்திரையும் ஏறக்குறைய அந்த நிறம்தான், மஞ்சளுக்கும் காவிக்கும் நடுவில். பெருங்குடல் அழற்சிக்கும் முடக்குவாதத்துக்கும் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் பழைய மருந்து. இதன் அழகைப் பார்க்க விரும்புகிறவர் அந்த நிறத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு மருந்துகளை ஒட்டி ஒன்றாக்கிய மூலக்கூறு இது. இப்படிப்பட்டவற்றை ஹைப்ரிட் என்கிறார்கள். ஒரு பக்கம் ஆஸ்பிரினின் உறவுக்காரரான 5-அமினோசாலிசிலிக் அமிலம். மறுபக்கம் சல்ஃபாபிரிடின், கிருமிகளை அடக்க வந்த பழைய சல்ஃபா மருந்து. நடுவே கைகோத்து நிற்பவை இரண்டே இரண்டு நைட்ரஜன் அணுக்கள். அசோ பிணைப்பு என்று பெயர். துணிச்சாயம் தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான ஆள். எத்தனையோ மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயங்களின் உயிர்நிலை இந்த இரண்டு நைட்ரஜன்கள்தான். மருந்தின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதற்கும் அந்தப் பளிச்சென்ற நிறம் கிடையாது. கண்ணுக்குத் தெரிவது மூட்டின் நிறம். சிறுநீரில் தெரிவதோ, மூட்டு விடாமல் ரத்தத்தில் கலந்துவிட்ட சிறு பங்கு.

பெரும்பங்கு அப்படியே கீழே போகிறது. வயிற்று அமிலம் அந்த மூட்டை ஒன்றும் செய்வதில்லை, சிறுகுடலின் நொதிகளும் தொடுவதில்லை. பெருங்குடலுக்குள் நுழைந்தபின்தான், பிராணவாயு இல்லாத அந்த இருட்டில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் ஜோடியைப் பிரித்து, ஆளுக்கு இரண்டாக நான்கு ஹைட்ரஜன் அணுக்களைப் பொருத்திவிடுகின்றன. இரண்டு பாதிகளும் விடுபடுகின்றன. 5-அமினோசாலிசிலிக் அமிலத்தைத் தனியாக விழுங்கியிருந்தால் மேற்குடலே அதை உறிஞ்சிவிட்டிருக்கும். புண் இருக்கும் இடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நோய் இருக்கும் இடத்தில் குடியிருப்பவர்களையே பூட்டைத் திறக்க வைத்ததுதான் இதில் உள்ள சூட்சுமம்.

அச்சரப்பாக்கத்துக்காரனாகிய எனக்கு இந்த இடத்தில் எங்கள் ஆட்சீஸ்வரர் கோயில் தலபுராணம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேரே ஒரு ஹைப்ரிட் அல்லவா? பூமி தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி. பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் எங்கள் ஊரில் அச்சு முறிந்தது என்பது கதை. அச்சுமுறி விநாயகர் இன்றும் அங்கே இருக்கிறார். சூரியனும் சந்திரனும் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் நடுவிலிருக்கும் அச்சு சொன்னபடிதான் பயணம். புராணத்தில் முறிந்தது தடை. சல்ஃபாசலசீனில் முறிவதுதான் சிகிச்சை, அதுவும் வழியில் எங்கும் முறியாமல் சேர வேண்டிய ஊரில் முறிந்தால்.

இதையெல்லாம் எண்ணித்தான் செய்தார்களா என்றால், இல்லை. 1930களின் கடைசியில் ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் யோசித்தது மூட்டுகளைப் பற்றி. முடக்குவாதத்துக்குக் கிருமித் தொற்று காரணமாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். ஆகவே கிருமிக்கு ஒரு பாதி, வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு பாதி. ஃபார்மாசியா நிறுவனத்து வேதியியலார் செய்து கொடுத்தார்கள். குடல் நோயாளிகளிடம் அது நன்றாக வேலை செய்தது தெரியவந்தது. எந்தப் பாதி வேலை செய்கிறது என்று மட்டும் நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதைப் பிரித்துக் காட்டியவர் நம் பக்கத்துக்காரர். வங்கதேச மருத்துவர் ஆசாத் கான், ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், பிரிஸ் ஆகியோருடன் சேர்ந்து 1977-ல் வெளியிட்ட ஆய்வு, எளிமைக்காகவே பாராட்ட வேண்டிய ஒன்று. மூட்டின் வேலை மருந்தைப் பெருங்குடலுக்குக் கொண்டு சேர்ப்பதுதானே? அப்படியானால் மூட்டே தேவைப்படாத வழியில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று எனிமாவாக ஏற்றினார்கள். ஒரு குழுவுக்கு முழு மருந்து, ஒரு குழுவுக்கு 5-அமினோசாலிசிலிக் அமிலம் மட்டும், இன்னொரு குழுவுக்கு சல்ஃபாபிரிடின் மட்டும். முழு மருந்துக்குச் சமமாக வேலை செய்தது சாலிசிலிக் பாதி; சல்ஃபா பாதியால் பெரிய பயன் இல்லை. அது வெறும் சுமைகூலியாகவே வந்திருக்கிறது, பக்க விளைவுகளில் பலவற்றையும் தூக்கிக்கொண்டு. பிறகு சல்ஃபாவைக் கழற்றிவிட்டு, சாலிசிலிக் பாதிகள் இரண்டையே அதே அசோ மூட்டால் கோத்து ஓல்சலசீன் என்று ஒரு மருந்து வந்தது. தூக்கி வந்தவரை அனுப்பிவிட்டார்கள், மூட்டை மட்டும் விடவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் சல்ஃபா பாதி பாவம். 1985-ல் கிளாஸ்கோவில் முடக்குவாத நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே வேலை செய்தது சல்ஃபாபிரிடின்! ஒரே மாத்திரை, இரண்டு நோய்கள், நோய்க்கு ஒரு பாதி. இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வருகிறது. ஸ்வார்ட்ஸ் மூட்டு நோய்க்கென்று மூலக்கூறு செய்தது கடைசியில் சரியாகத்தான் போயிற்று. அவர் சொன்ன காரணத்தை மட்டும் இன்று யாரும் ஒப்புவதில்லை.

இன்னும் சிக்கனமான மூட்டு ஒன்று உண்டு. ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் வளையத்தைச் சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியால் உடைத்துப்போடும். அந்த நொதியோடு மல்லுக்கு நின்று அதைச் செயலிழக்க வைக்க சல்பாக்டம் இருக்கிறது. ஆனால் வாய்வழி கொடுத்தால் சல்பாக்டம் சரியாக உறிஞ்சப்படாது. ஃபைசர் நிறுவனம் இரண்டையும் கோத்து சல்டமிசிலின் செய்தது. ஆம்பிசிலின் மூலக்கூறு எடை சுமார் 349, சல்பாக்டம் 233, சல்டமிசிலின் 594. கூட்டிக் கழித்துப் பாருங்கள், மிச்சம் 12. ஒரு கார்பன் அணு! இரண்டு அமிலங்களும் ஒரே கார்பனின் இரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குடல் சுவரைக் கடக்கின்றன. கடக்கும்போதே அங்குள்ள எஸ்டரேஸ் நொதிகள் வெட்டிவிட, அதிரடிக்காரரும் காவல்காரரும் சம எண்ணிக்கையில் ரத்தத்தில் இறங்குகிறார்கள். சல்ஃபாசலசீனின் மூட்டுக்குப் பொறுமை வேண்டும், இதற்கு அவசரம் வேண்டும். காகிதத்தில் வரைந்தால் இரண்டுமே சின்னக் கோடுகள்தான்.

ஆய்விதழ்களில் இப்போது ஹைப்ரிட் மூலக்கூறுகள் மழைக்காலத்து ஈசல் போல வருகின்றன. 2022-ல் நோபல் பரிசு பெற்ற கிளிக் வேதியியல் வந்தபின், இரண்டு துண்டுகளை டிரையசோல் வளையத்தால் கோப்பது எளிதாகிவிட்டது. ஒட்டுகிறவர்கள் அதிகம், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு என்பேன். இரண்டு பாதிகளையும் ஒட்டாமல், அதே அளவில் வெறுமனே கலந்து கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கலவையை வெல்லாத ஹைப்ரிட்டுக்கு ஹைப்ரிட் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். ஆசாத் கான் செய்ததில் பாதி இந்தக் கேள்விதான்.

டிரையசோல் என்றதும் எங்கள் மாவட்டத்தைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மாமல்லபுரத்துக்கு வடமேற்கே, திருப்போரூரை ஒட்டி ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆர்ச்சிட் நிறுவனத்தின் மூலப்பொருள் ஆலை அங்கேதான். சென்னையைச் சேர்ந்த அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கியது, சல்பாக்டம் போலவே பீட்டா-லாக்டமேஸை அடக்கும் என்மெட்டாசோபாக்டம். சல்பாக்டத்தில் ஒரு டிரையசோல் வளையத்தைச் சேர்த்து டாசோபாக்டத்தை ஜப்பானியர்கள் முன்பே செய்திருந்தார்கள். ஆர்ச்சிட் செய்தது அந்த வளையத்தின் ஒரு நைட்ரஜனில் ஒரு மெத்தில் தொகுதியை வைத்தது. எடை 300-லிருந்து 314 ஆயிற்று, அவ்வளவே. ஆனால் மெத்தில் உட்கார்ந்ததும் அந்த நைட்ரஜன் நேர்மின்சுமை ஏற்கிறது. மறுமுனையில் அமிலத்தின் எதிர்மின்சுமை ஏற்கனவே உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிய நிலையில் மூலக்கூறு கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சுவர்த் துளைகளுக்குள் முன்னைவிட எளிதாக நுழைகிறது.

செஃபிபைம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து இதைச் சோதித்த அல்லியம் என்ற மூன்றாம் கட்ட ஆய்வு 2022-ல் ஜாமா இதழில் வந்தது. சிக்கலான சிறுநீர்த் தொற்று நோயாளிகள். எதிரணியில் பிப்பரசிலினும் டாசோபாக்டமும், அதாவது மெத்தில் இல்லாத மூத்தவர். வெற்றி 79.1 விழுக்காடு, எதிரணிக்கு 58.9. மெத்திலுக்கே மாலை போட்டுவிடத் தோன்றும். ஆனால் கூட்டாளிகளும் வேறு வேறு, செஃபிபைமின் பங்கைப் பிரிக்காமல் அப்படிச் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

சல்டமிசிலினைப் போல இந்த ஜோடியை யாரும் ஒட்டவில்லை. செஃபிபைம் 2 கிராம், என்மெட்டாசோபாக்டம் அரை கிராம், ஒரே குப்பியில் பொடியாகக் கலந்திருக்கின்றன. கரைத்து, நரம்பு வழியாக 2 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். குடலைக் கடக்கும் பயணமே இல்லாததால் நடுவில் ஒரு கார்பனுக்கு அங்கே வேலை இல்லை.