காயலான் கடைக்கு ஒரு கொள்முதல் ஏடு

மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் உள்ள காயலான் கடைகளில் வியாபாரம் முடிய ஐந்து நிமிஷம் போதும். கழற்றிய ஏசியின் செம்புக் குழாய் தராசில் ஏறும், கடைக்காரர் அன்றைய விலையைச் சொல்வார், ரொக்கம் கைமாறும். யார் வீட்டுச் சரக்கு என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.

உரிமம் இல்லாமலா? மாநகராட்சியின் தொழில் உரிமம் உண்டு. அது கடையைப் பார்க்கும். உள்ளே வரும் சரக்கைப் பார்க்காது. மூக்குத்தியை அடகு வைத்தால்கூட 1943ஆம் ஆண்டுச் சட்டப்படி பெயரும் முகவரியும் எழுதிச் சீட்டுத் தரவேண்டும். மூட்டைச் செம்பை விற்றுவிட்டு நடைமுறையில் சீட்டில்லாமல் போய்விடலாம்.

திருட்டுப் பொருள் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் கடைக்காரர் தெரிந்தே வாங்கினார், அல்லது திருட்டுப் பொருள் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். ரயில்வே சொத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது: சந்தேகத்துக்குரிய சரக்கு வைத்திருப்பவர்தான் அது நேர்வழியில் வந்ததென்று காட்டவேண்டும். மாம்பலம் ஸ்டேஷன் தண்டவாளத் துண்டுக்கு உள்ள காவல், பக்கத்துத் தெரு வீட்டின் பித்தளைக் குழாய்க்கு இல்லை.

2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே ஜிஎஸ்டி கட்டி, தானே பில் எழுதவேண்டும். வரிக்காக வந்த விதிதான். கொள்முதல் பதிவாகவும் உதவுகிறது. ஆனால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் தெருக்கடைக்குப் பொதுவாகப் பதிவே தேவையில்லை. அங்கிருந்து வாங்கும் பெரிய வியாபாரி குடோனில் பில் எழுதும்போது பத்து வீட்டுச் செம்பு ஒரே மூட்டையில் கலந்திருக்கும். விற்றவர் பெயர் தொலைந்த இடத்துக்குப் பிறகுதான் கணக்கு தொடங்குகிறது.

இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரொக்கத்தைத் தடுத்து, விற்பவரின் பெயர், முகவரியைச் சரிபார்க்கச் சொல்கிறது. அதை அப்படியே இங்கு கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது குப்பை பொறுக்கி அன்றாடம் காசு பார்ப்பவர்கள். ஆதார் நகல் கேட்கலாம் என்பார்கள். பழைய பேப்பர் கடையில் அந்த நகல் கடைசியில் எங்கே போகும்? தவிர, ஏட்டில் ஒரு வரி விட்டுப்போனால் அதுவே மாமூலுக்குக் காரணமாகும்.

எனவே ஏடு செம்புக்கும் பித்தளைக்கும் மட்டும் போதும், அதுவும் குறிப்பிட்ட எடைக்கு மேல்: விற்பவர் பெயர், தொலைபேசி எண், சரக்கின் ஒரு படம். விற்பவருக்கும் ஒரு சீட்டு. இரும்பையும் காகிதத்தையும் பாட்டிலையும் விட்டுவிடலாம். அடகுக் கடைக்கு இருப்பதுபோல் இந்த ஏட்டையும் மாநில அரசு நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.