வேட்டைச்சட்டை போட்ட வேட்பாளர்
ஜோ பேஜன்ட்டின் 'டீர் ஹன்டிங் வித் ஜீசஸ்' நூலை முன்வைத்து

2004 அக்டோபர் 21. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஒஹையோ மாநிலத்தின் ஒரு சோளக்கொல்லையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி காட்டுவாத்து சுடப் போகிறார். உடம்பில் இலையும் சருகுமாக அச்சடித்த வேட்டைச்சட்டை, கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. கூடப் போனவர்கள் செத்த பறவைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது கேமராக்கள் தயாராக நிற்கின்றன. அந்தச் சட்டை தேர்தலுக்காகப் போட்ட மாறுவேஷம் என்று டிக் செனி கிண்டலடித்தார். தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ. ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் ஒரு பூடில் நாய், அதற்குக் கெர்ரியின் பிரச்சார ஸ்வெட்டர். இந்த நாய் வேட்டைக்கு ஆகாது என்பதுதான் சேதி.

இதில் வேடிக்கை என்னன்னா, கெர்ரிக்கு உண்மையிலேயே வேட்டை தெரியும். சின்ன வயசுப் பழக்கம். வியட்நாமில் ஆயுதம் ஏந்திச் சண்டை போட்டவர். எதிரே நின்ற புஷ் வியட்நாமுக்கே போகவில்லை. அப்படியும் எடுபடலை. ஏன்?

இந்த 'ஏன்'தான் ஜோ பேஜன்ட்டின் நூலுக்குள் போக எனக்குக் கிடைத்த வாசல். நூல் 2007இல் வந்தது. பேஜன்ட் வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டரில் பிறந்தவர். வின்செஸ்டர் ரைஃபிளுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, பெயர் ஒத்துப்போனது தற்செயல். சுமார் முப்பது ஆண்டுகள் மேற்கே சுற்றிவிட்டு, இடதுசாரியாக ஊர் திரும்புகிறார். வந்து பார்த்தால் கூடப் படித்தவர்கள் ஆலையில் முதுகு ஒடிய வேலை செய்கிறார்கள், மருத்துவக் காப்பீடு இல்லாமல் சாகிறார்கள், கட்ட முடியாத வீட்டுக்கடனில் மாட்டியிருக்கிறார்கள். ஓட்டு மட்டும் குடியரசுக் கட்சிக்கு. இணையத்தில் கட்டுரை எழுதி வாசகர்களைச் சேர்த்த பிறகே பேஜன்ட் புத்தகத்துக்கு வந்தவர். அந்த மொழி நமக்குப் பழகிய மொழிதான். கோபம், நக்கல், திடீரென்று ஒரு குடும்ப ஞாபகம், மறுபடி கோபம்.

நூலில் துப்பாக்கிக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. நூலின் ஆகச் சிறந்த பக்கங்கள் அதில்தான் உள்ளன, ஆகப் பெரிய ஓட்டையும் அதில்தான்.

*

சிறந்த பக்கங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950களின் பண்ணை வீடு. ஆண்கள் மான் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த இறைச்சி குளிர்காலத்துக்கான சாப்பாடு. சுவரில் நிற்கும் துப்பாக்கி தாத்தா கைபட்டது, அப்பா கைபட்டது, நாளை இவன் கைக்கு வரப்போவது. கிட்டத்தட்ட நம்ம வீட்டு உரலும் அம்மிக்கல்லும் போல. பேஜன்ட் இங்கே வாதமே செய்வதில்லை. குளிரையும் ரத்த வாடையையும் எழுதுகிறார். துப்பாக்கி என்றாலே கொலைக்கருவி என்று மட்டும் தெரிந்த என்னைப் போன்ற ஒருவனுக்கு, அது ஒரு வீட்டின் சொத்தாக, ஞாபகமாக எப்படி ஆகிறது என்று இந்தப் பக்கங்கள் புரியவைத்தன.

இங்கே ஒன்றை நினைத்துக்கொண்டேன். நம் நாட்டில் தேர்தல் அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தல் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். அங்கே தேர்தல் வந்தால் வேட்பாளரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்! இந்தத் தலைகீழைப் புரிந்துகொள்ளாமல் இந்த நூலைப் படிக்க முடியாது.

பேஜன்ட்டின் வாதம் இதுதான்: நகரத்து முற்போக்காளர்கள் துப்பாக்கியை வெறுக்கும்போது, அதை வைத்திருக்கும் ஆளையும் சேர்த்தே வெறுக்கிறார்கள். அந்த ஆளுக்கு அது தெரிகிறது. சம்பளத்தில், ஓய்வூதியத்தில் அவனுக்கு நல்லது செய்யக்கூடிய கட்சி அங்கேதான் அவனை இழக்கிறது. நூல் வெளியான மறுவருஷமே இதற்குச் சாட்சி வந்தது. 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில், வேலை போன சிறு நகரத்து மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் ஒபாமா பேசினார். அது வெளியே கசிந்தது. உடனே ஹிலரி கிளின்டன், தன் அப்பா தனக்குச் சுடக் கற்றுக்கொடுத்த கதையை எடுத்துவிட்டார். அவரை ஒபாமா கேலி செய்தார். யாரும் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி பேசவில்லை, கவனியுங்கள். பேசியது முழுக்க யார் யாரைக் குனிந்து பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி.

*

சரி, இனி ஓட்டைக்கு வருவோம்.

வேட்டைக்காரரும் துப்பாக்கி வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்று பேஜன்ட் எடுத்துக்கொள்கிறார். மான் வாசனையோடு அத்தியாயத்தைத் தொடங்கி, இடையிலேயே கைத்துப்பாக்கிக்கும் தற்காப்புக்கும் தாண்டிவிடுகிறார். தாத்தாவின் மேல் நமக்கு வந்த பாசத்தை நைசாக பிஸ்டலுக்கும் மாற்றிவிடுகிறார். ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்குப்படி, அமெரிக்காவில் வயதுவந்தோரில் 32 சதவீதம் பேர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களில் 72 சதவீதம் பேருக்குத் தற்காப்பு முக்கியக் காரணம். வேட்டை முக்கியக் காரணம் என்றவர்கள் 32 சதவீதம். அரசின் 2022 கணக்கெடுப்பில் வேட்டைக்குப் போனவர்கள் சுமார் 1.44 கோடி. நாட்டின் மக்கள்தொகையில் இருபதில் ஒருவர்கூட இல்லை.

துப்பாக்கி வைத்திருப்பது ஏன் என்பது மாறும்போது, வேட்பாளரிடம் எதைத் தேடுகிறார்கள் என்பதும் மாறும்தானே? தற்காப்புக்காரருக்கு வேட்பாளர் தன் பயத்தை மதிக்க வேண்டும். வேட்டைக்காரருக்கு வேறு கணக்குகளும் உண்டு. காடு திறந்திருக்குமா, சதுப்பு நிலம் காயாமல் இருக்குமா, பொது நிலத்தை விற்றுவிடுவார்களா? 1937இல் வந்த பிட்மன் – ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலித்து, அதை மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். 'இந்தக் காட்டுக்குக் காசு கொடுக்கிறவன் நான்' என்ற உரிமை வேட்டைக்காரருக்கு உண்டு. அதனால்தான் 2017இல் யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ், 33 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்கச் சொல்லி மசோதா கொண்டுவந்தபோது வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அவர் மசோதாவை வாபஸ் வாங்கினார். அறிவிப்போடு அவர் போட்ட படத்தில் என்ன உடை தெரியுமா? அதே வேட்டைச்சட்டைதான்! 2025இல் அதே மாநிலத்து செனட்டர் மைக் லீயின் நில விற்பனைத் திட்டத்துக்கும் இதே கதி. வேட்டைக்காரரின் கோபம் வலதுசாரிக்கு எதிராகவும் திரும்பும். பேஜன்ட்டின் நூல் இந்த வேட்டைக்காரருக்குப் போதுமான இடம் தரவில்லை. அவருடைய வேட்டைக்காரர்கள் ஞாபகத்தில் வாழ்கிறார்கள். ஓட்டுச்சாவடிக்கு வருவதென்னவோ பிஸ்டல்காரர்கள்.

*

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. என்.ஆர்.ஏ. வேட்பாளர்களுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுகிறது. 1871இல் சுடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய சங்கம் அது. 1977இல் சின்சினாட்டி மாநாட்டில் தலைமை கைமாறிய பிறகுதான் முழு அரசியல் அமைப்பாயிற்று. 1980இல் ரீகனை ஆதரித்ததே அதிபர் தேர்தலில் அதன் முதல் ஆதரவு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சங்கத்தின் மதிப்பெண்ணையே வேட்டைக்காரரின் மனசு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியா? இரண்டு தேர்தல்களை எடுத்துப் பார்க்கலாம்.

1990, வெர்மான்ட். வேட்டை ஊறிய மாநிலம். அதன் ஒரே மக்களவை இடத்தில் குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் இருக்கிறார். பதவிக்கு வந்த பிறகு மனம் மாறி, சிலவகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடை கேட்கும் மசோதாவை ஆதரிக்கிறார். என்.ஆர்.ஏ. அவரை வீழ்த்தக் கிளம்புகிறது. ஜெயித்தது யார்? பெர்னி சாண்டர்ஸ். தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர்! துப்பாக்கி மட்டுமே காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். அங்கே எடைபோடப்பட்டது கொள்கையைவிட நாணயம் என்றுதான் படுகிறது. சொன்னதிலிருந்து மாறிட்டார், அவ்வளவுதான்.

அப்படியானால் மாறினாலே தோல்வியா? மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சினைப் பாருங்கள். 2010இல் ஒரு மசோதாவின் பிரதியை ரைஃபிளால் சுட்டு விளம்பரம் செய்தவர், என்.ஆர்.ஏ.வின் செல்லப்பிள்ளை. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் மசோதாவை அவரே கொண்டுவந்தார். அது 2013 ஏப்ரலில் செனட்டில் தோற்றது. 2018இல் சங்கம் அவருக்கு 'டி' போட்டது. ட்ரம்ப் அமோகமாக ஜெயித்திருந்த அந்த மாநிலத்தில் மான்சின் மறுபடி ஜெயித்தார். 'இவரு நம்மாளு, ஏதோ காரணம் இருக்கும்' என்று நினைக்க அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு இடம் இருந்தது. ஸ்மித்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அந்த 'நம்மாளு' எப்படி உருவாகிறார்? இதற்குப் பேஜன்ட்டிடம் பதில் இருக்கிறது, ஆனால் துப்பாக்கி அத்தியாயத்தில் இல்லை. ஊர் சாராயக்கடையில் அவர் உட்கார்ந்து கேட்கும் பக்கங்களில் இருக்கிறது. வருஷம் முழுக்க உள்ளூரில் இருக்கும் சிறுமுதலாளியும் வீடு விற்பவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். மறுகட்சிக்காரர் யாரும் கண்ணில் படுவதே இல்லை. அக்டோபரில் மட்டும் வேட்டைச்சட்டையோடு வருகிற ஆளை யார் நம்புவார்கள்? 2024இலும் இது நடந்தது. கமலா ஹாரிஸின் துணை வேட்பாளர் டிம் வால்ஸ் நிஜமான வேட்டைக்காரர், ஒருகாலத்தில் என்.ஆர்.ஏ.விடம் 'ஏ' வாங்கியவர். மின்னசோட்டாவில் ஃபெசன்ட் பறவை வேட்டையின் முதல் நாளன்று கேமராக்களோடு போனார். துப்பாக்கியில் தோட்டா போடத் தடுமாறிய சில நொடிகள்தான் இணையமெங்கும் சுற்றின. ஆனால் ரோம்னி 2007இல் தன்னை ஆயுள்கால வேட்டைக்காரர் என்று சொல்லி மாட்டிக்கொண்டதையும், 2006இல் செனியே காடை சுடப் போய்க் கூட வந்த மனிதரைச் சுட்டதையும் மறந்துவிடக் கூடாது. கெர்ரியின் சட்டையைக் கிண்டல் செய்த அதே செனி!

*

கடைசியாக, நூலில் என்னை உறுத்தியது. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 47,000 பேர். அதில் 27,000க்கும் மேல் தற்கொலை. இதில் பெரும்பங்கு ஆண்கள், கிராமப்புறங்களில் விகிதம் கூடுதல். அதாவது, பேஜன்ட் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களேதான். வேலை போனவர், முதுகுவலிக்கு மாத்திரை தின்பவர், கடன்காரர். அவர்களுடைய வறுமையை இவ்வளவு கண்ணீரும் கோபமுமாக எழுதுகிற பேஜன்ட், தாத்தாவின் ரைஃபிளும் அந்த வறுமையும் ஒரே அறையில் இருக்கும் இரவைப் பற்றி எழுதவில்லை. அவருடைய அத்தியாயத்தில் துப்பாக்கி குடும்பத்தைக் காக்கிறது, குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதே துப்பாக்கி அந்தக் குடும்பத்தைத் தின்னவும் செய்கிறது. நகரத்து முற்போக்காளர்களிடம் சண்டை போடும் அவசரத்தில், தன் ஆட்களிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் விட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருக்க முடியும் என்றும் யோசிக்கிறேன். பத்திரிகையாளர் கேட்டால் 'வெளியூர்க்காரன்' என்பார்கள். வேட்பாளர் கேட்டால் மதிப்பெண் போய்விடும். பேஜன்ட் கேட்டிருந்தால் சாராயக்கடையில் சண்டை வந்திருக்கும், ஆனால் காது கொடுத்திருப்பார்கள். 2011இல் அவர் இறந்துவிட்டார்.

இத்தனை குறையோடும் இந்த நூலை ஏன் படிக்கச் சொல்கிறேன் என்றால், இது என் பழக்கம் ஒன்றைக் கெடுத்தது. நமக்குப் பிடிக்காத பக்கம் ஓட்டு விழுந்தால், 'காசு வாங்கிட்டுப் போட்டான்', 'அறிவில்லாதவன்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு இலக்கியம் பேசப் போய்விடுவோம். நானும் செய்திருக்கிறேன். தன் சொந்த ஊர்க்காரர்கள் மீது அந்த ஒரு வரியைப் பிரயோகிக்க மறுத்து, ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார் பேஜன்ட். பாதி தப்பாக எழுதியிருக்கிறார், சரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.