உச்சிவரை தூங்கிய பிள்ளை

தமிழில் குழந்தைக் கவிதை என்றாலே நமக்குத் தாலாட்டுதான். பிள்ளை தூங்கணும், அம்மா பாடணும். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில், கண்ணனை அம்மம் உண்ண அழைக்கும் பதிகம் இதற்கு நேர் எதிர். பிள்ளை தூங்கிவிட்டான் என்பதுதான் அங்கே யசோதையின் பிரச்சினை. ராத்திரி பால் குடிக்காமலே தூங்கியவன், உச்சிவேளையாகியும் வரவில்லை. அவன் வயிறு வாடிக் கிடக்கிறது. அவளுக்கோ பால் தானாக வழிகிறது.

வாத்சல்யம் என்று ஒரே சொல்லில் இதைக் கடந்துவிடலாம். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் உடல் காணாமல் போகிறது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். மார்பு காலியாகாமலே இருந்தால் சுரப்பு மெல்லக் குறையும். சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் ஓர் இரவுப் பால் தவறினால் தாய்க்குக் கிடைப்பது ஓய்வு மட்டுமல்ல. பால் கட்டும், வலிக்கும், துணி நனையும். 'வா, குடி' என்று அவள் கூப்பிடுவதில் அவன் பசியோடு அவளுடைய தேவையும் இருக்கிறது. பெரியாழ்வார் அதை ஒளிக்கவில்லை.

பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழந்தையை ஒரு ரோட்மேப் ஆக்கிவிட்டது. காப்புக்கு 3ஆம் மாதம், செங்கீரைக்கு 5, தாலுக்கு 7, சப்பாணிக்கு 9. (பாட்டியல் நூல்களுக்குள் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.) ஆபீசில் யாராவது இப்படி ஒரு ப்ளான் கொண்டுவந்தால், 'ரோல்பேக்கே கிடையாதா?' என்றுதான் முதலில் கேட்பேன். ஏனென்றால் காப்புக்கும் செங்கீரைக்கும் நடுவில், அந்த 4ஆம் மாதத்தில்தான் பல வீடுகளில் எல்லாம் தலைகீழாகிறது. தூக்கத்தின் அமைப்பே பெரியவர்களுடையதைப் போல மாறத் தொடங்குகிறது. லேசான தூக்கம் வரும்போதெல்லாம் குழந்தை முழித்துக்கொள்கிறது. பகலில் ஃபேன், காக்கா, கதவுச் சத்தம் என எதற்கும் பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். விட்டதையெல்லாம் ராத்திரியில் வட்டியோடு வசூலிக்கும். ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிய என் மகள் இரண்டு மணிக்கொரு தடவை எழ ஆரம்பித்தபோது, ஆப்பில் இருந்த கிராஃப் ஈசிஜி மாதிரி ஆனது. பிள்ளைத்தமிழ்க் குழந்தை முன்னேறிக்கொண்டே இருக்கிறது. பின்னால் போகிற குழந்தைக்கு அதில் பருவமே இல்லை.

பெரியாழ்வாரின் கண்ணன் கைக்குழந்தை அல்ல. தளர்நடைப் பதிகம் முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் அவன் எந்த அட்டவணைக்கும் அடங்குவதில்லை. யசோதையும் அப்படித்தான். கம்சன் ஏவிய சகடத்தை அவன் உதைத்ததை நினைவுகூரும்போது, அந்தப் பஞ்சுக்கால் நொந்துவிடுமோ என்று அஞ்சியதைத்தான் சொல்கிறாள். இப்படி ஒரு பயத்தைக் குழந்தையை ராத்திரி தூக்கி வைத்திருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. அந்த இரவு பதிகத்தில் ஒரு தகவலாக மட்டுமே வருகிறது. பால் கட்டிய வலியோடு அவள் எழுந்து உட்கார்ந்தாளா, அவனைத் தட்டி எழுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாளா? பாட்டு அந்தப் பக்கம் போவதில்லை. அடுத்த பதிகத்தில் காது குத்தக் கூப்பிடுகிறாள்.