மூன்றாவது சிட்டிங்கில் குணம்

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறைதான் கிளினிக். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மனித உடம்பின் மேல் கோடும் புள்ளியுமாகப் போட்ட சீன வரைபடம். டீப்பாயில் தினசரிக்குப் பதிலாக ஒரு நீளமான கணக்கு நோட்டு. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘அனுபவங்கள்’ என்று எழுதியிருந்தது. குணமானவர்கள் தங்கள் கையாலேயே எழுதிவைத்துவிட்டுப் போனவை. முதல் நாள் என் முறை வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நோட்டை முழுக்கப் படித்து முடித்திருந்தேன். எனக்கு ஆறு வருடமாக முதுகுவலி, மூன்று வருடமாகப் பதற்றம். இரண்டுக்கும் முன்பிருந்தே நான் வாசகி.

இந்தக் கட்டுரை அந்த நோட்டைப் பற்றிய விமர்சனம். யாரோ கஷ்டப்பட்டு எழுதியதை விமர்சிப்பதா என்று கேட்கலாம். ஆனால் நம் வீடுகளில் நாவல் படிப்பவர்களைவிட இந்த வகைக் கதையைப் படிப்பவர்களும் கேட்பவர்களும் நம்புபவர்களும் அதிகம். நம்பி முடிவெடுப்பவர்களும் அதிகம். நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன்.

*

நோட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள். கையெழுத்து மாறுகிறது, கதை மாறவில்லை. முதல் வரியில் வலியின் வயது: ‘பதினோரு வருஷமா இடுப்பு வலி.’ அடுத்து ஏறி இறங்கிய இடங்களின் பட்டியல்: ஸ்கேன், பெல்ட், பிசியோதெரபி, எண்ணெய் தடவல். பிறகு, ‘இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாங்க.’ அதன்பின் பக்கத்து வீட்டு அக்காவோ ஆபீஸ் நண்பரோ இந்த இடத்தைச் சொல்கிறார்கள். பிறகு மூன்றாவது சிட்டிங். ஏன் எப்போதும் மூன்றாவது? முதலாவதிலேயே குணம் என்றால் நம்ப மாட்டார்கள், பத்தாவதில் என்றால் காத்திருக்க மாட்டார்கள் என்பதாலோ என்னவோ. கடைசி வரி: ‘இப்போ ஒரு மாத்திரைகூட இல்ல.’

இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று யோசித்தால், தல புராணம். ஓர் அரசனுக்குத் தீராத நோய் வரும், வைத்தியர்கள் கைவிரிப்பார்கள், ஊர் ஊராக அலைவான், ஒரு குளத்தில் முங்கி எழுவான், நோய் போய்விடும். அந்தக் கதையின் நாயகன் அரசன் இல்லை, குளம். அரசனுக்கு எங்கே வலித்தது, இரவில் எப்படிப் புரண்டு படுத்தான் என்பதற்குப் புராணத்தில் இடமில்லை. இந்த நோட்டிலும் அப்படித்தான். பதினோரு வருஷம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வலி, அது போன இடத்தின் பெருமையைச் சொல்வதற்காக மட்டும் வந்துபோகிறது.

இதற்கு வேர் இன்னும் பழசு என்று எனக்குத் தோன்றுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரிக்கிறார். அதில் பிணி வருவது அழுகையின் கீழ் இல்லை, இளிவரலின் கீழ். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கும் இளிவரல் பிறக்கும் இடங்கள். அதாவது நோய் என்பது ஒருவரைத் தாழ்வாக உணரவைப்பது. பல நூற்றாண்டு தாண்டியும் ‘இந்த வயசுல முதுகுவலியா?’ என்ற கேள்வியில் அந்த இளிவரல் அப்படியே இருக்கிறது. தாழ்வை எழுத யாருக்கும் பிடிக்காது. அதிலிருந்து வெளியே வந்ததை எழுதத்தான் பிடிக்கும்.

அச்சத்துக்கும் அவர் நான்கு காரணம் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்கும் வெளியே இருப்பவை. பயத்துக்கு ஒரு பொருள் வேண்டும். என் பதற்றத்துக்கோ எதிரே எதுவும் இல்லை. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்தியபின் நடந்துகொண்டிருப்பேன், காற்று நன்றாக இருக்கும், பக்கத்தில் குழந்தைகள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருக்கும், திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். புலியும் இல்லை, திருடனும் இல்லை. அம்மா போனில் ‘என்னாச்சு?’ என்றால் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு நாளைக்கு எத்தனை பேர் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்களோ!

*

உள்ளே கூப்பிட்டார்கள். மேடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊசியை எடுப்பார் என்று நினைத்தேன், நோட்டை எடுத்தார்.

“சொல்லும்மா.”

“முதுகு வலி மேடம். அப்புறம் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்.”

“ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?”

ஆறு வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. வலிக்கு ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவரே எடுத்துக்கொடுத்தார்: குத்துதா, குடையுதா, கடுக்குதா, இழுத்துப் பிடிக்குதா, விண்ணுவிண்ணுனு தெறிக்குதா, சுரீர்னு ஓடுதா, மரத்துப் போகுதா? காலையில் இழுத்துப் பிடிக்கும், உட்கார்ந்து வேலை பார்த்தால் கடுக்கும், ராத்திரியில் உளைச்சல் என்றேன். “உளைச்சல் காலிலயா, மனசிலயா?” என்றார். இரண்டிலும்தான்.

ஆங்கிலத்தில் தலைவலியைச் சொல்லச் சொற்கள் இல்லை என்று 1926இல் வர்ஜீனியா வுல்ஃப் ஒரு கட்டுரையில் குறைப்பட்டுக்கொண்டார். நமக்கு அந்தக் குறை இல்லை. உளைச்சல் என்ற ஒரே சொல் எலும்புக்கும் மனதுக்கும் போகிறது. குடைச்சலும் அப்படியே. உடம்பு வலியும் மனப் பதற்றமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பதைப் பேச்சுத் தமிழ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அந்தச் சொற்களெல்லாம் அந்த அறைக்குள் புழங்கின. வெளியே இருந்த ‘அனுபவங்கள்’ நோட்டில் ஒன்றுகூட இல்லை.

பிறகு ஊசி. முடியைவிடக் கொஞ்சம் தடிமன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், மணிக்கட்டு மடிப்பில், பாதத்தின் மேல், புருவ மத்தியில். குத்தும்போது கொசுக்கடிகூட இல்லை. ஆனால் கைவிரலிடுக்கில் மட்டும் கனமாக ஒரு வலி மெதுவாகப் பரவியது. அது நல்ல அறிகுறி என்றார்கள். இருபது நிமிடம் அசையாமல் படுத்திருந்தேன். யாரும் என்னைத் தொந்தரவு செய்யாத இருபது நிமிடம் அதற்கு முன் எப்போது கிடைத்தது என்று நினைவில்லை.

*

ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் நம் ஊரில் கிடைக்கும் பதில்: ‘சக்தி ஓட்டம் சீராகுது.’ இந்தச் சக்தி வந்த வழி சுவாரசியமானது. சீன மொழியில் அது ‘சீ’. காற்று, மூச்சு, ஆவி எல்லாமும் அதற்குள் உண்டு. சீனாவில் தூதரகப் பணியில் இருந்த ஜார்ஜ் சூலியே த மொரான் என்ற பிரெஞ்சுக்காரர் 1939இல் வெளியிடத் தொடங்கிய நூலில் அதை ‘எனர்ஜி’ ஆக்கினார். உடம்பில் ஓடும் தடங்களை, பூமிப்படத்தில் உள்ள தீர்க்கரேகையின் பெயரால் ‘மெரிடியன்’ என்றார். அந்த எனர்ஜி தமிழுக்கு வந்ததும் சக்தியாகிவிட்டது. மின்சாரமும் அம்மனும் கூடவே ஏறிக்கொண்டார்கள். ஒரு மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பை வைத்து ‘ஐயாயிரம் வருட அறிவியல்’ என்று பேசுவதில் எனக்குச் சங்கடம் உண்டு.

பிரான்சுக்கு ஊசி போனது அவருக்கும் முன்பே. இசைமேதை எக்தோர் பெர்லியோசின் அப்பா லூயி பெர்லியோஸ் ஒரு கிராமத்து வைத்தியர். 1810இல் நரம்புக் கோளாறால் அவதிப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஊசி வைத்துப் பார்த்து, 1816இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். புதுச்சேரி ஆங்கிலேயரிடமிருந்து மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அதே 1816இல்தான். அந்தப் பெண் தன் அவஸ்தையை எப்படி எழுதியிருப்பாள் என்று யோசிக்கிறேன். நமக்குக் கிடைப்பது வைத்தியரின் நூல்தான்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். புள்ளிகளை விட்டுவிட்டு வேறெங்கோ மேலோட்டமாகக் குத்திய போலிச் சிகிச்சையில் 44.2 சதவீதம். மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசிக்குப் பலன் இருக்கிறது, ஆனால் புள்ளி எங்கே என்பது அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது. சுவரில் தொங்கும் வரைபடத்துக்கு இது நல்ல செய்தி இல்லை.

அடுத்த ஆண்டு டெட் காப்ட்சக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பிடித்தது. குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேர். ஒரு பிரிவினரை வெறுமனே காத்திருக்க வைத்தார்கள்: 28 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். இரண்டாவது பிரிவுக்குப் போலி ஊசி, பேச்சு குறைவு: 44. மூன்றாவது பிரிவுக்கு அதே போலி ஊசி, ஆனால் வைத்தியர் உட்கார்ந்து பரிவோடு கேட்டார், பேசினார்: 62. திருக்குறளின் மருந்து அதிகாரம் சிகிச்சைக்கு நான்கு உறுப்பு சொல்கிறது. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் நான்காவது. என் விஷயத்தில் ‘எந்த மாதிரி?’ என்ற கேள்விக்கு எத்தனை சதவீதம், ஊசிக்கு எத்தனை என்று என்னால் பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் படவில்லை.

*

அப்படியானால் அந்த நோட்டின் மேல் எனக்கு என்ன கோபம்? கடைசி வரிதான். ‘இப்போ ஒரு மாத்திரைகூட இல்ல.’

இதற்கு ஒரு வருடம் முன்பு வேறு ஊரில் வேறொருவரிடம் போயிருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். ஊசியே கிடையாது, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டார். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, தூக்கம் வந்தால் தூங்கு என்றார். நல்ல அறிவுரைதான். கூடவே, “ரசாயனத்த நிறுத்தினாத்தான் உடம்பு பேசும்” என்றார். பதற்றத்துக்கு நான் தினமும் எஸ்சிட்டாலோபிராம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் இதேபோல் பல குணக்கதைகளைக் கேட்டிருந்தேன். எல்லாக் கதையும் மாத்திரையைத் தூக்கிப் போட்டதில்தான் முடிந்தது. நானும் என் கதையை அப்படி முடிக்க ஆசைப்பட்டு, ஒரே நாளில் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் சுண்டியது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அழுதேன், காரணமே இல்லாமல். போன் செய்தபோது, “கழிவு வெளியேறுது, நல்லதுதான், பயப்படாதீங்க” என்றார். வலி குறைந்தால் சிகிச்சையின் வெற்றி, கூடினால் அதுவும் வெற்றிக்கான அறிகுறி. எதிர்ச்சான்றே உள்ளே நுழைய முடியாத கதை அது. நாவலில் இப்படி எழுதினால் கிழித்துவிடுவோம். உடம்பு என்றதும் விமர்சகர் தூங்கப் போய்விடுகிறார். இரண்டு வாரம் கழித்து என் மனநல மருத்துவர் மாத்திரையை மறுபடி தொடங்கினார். நிறுத்துவதானால் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த வரி எந்தக் குணக்கதையிலும் வராததால் எனக்கு மறந்துவிட்டது.

முத்தியால்பேட்டை மேடத்திடம் இதைச் சொன்னேன். “மாத்திரையை நான் எழுதல, நான் எப்படிம்மா நிறுத்தச் சொல்றது?” என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் தொடர்ந்து போனேன்.

*

பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. ஆங்கிலப் பாடத்தில் ‘கடைசிப் பாடம்’ என்ற கதை படித்தவர்களுக்கு அல்போன்ஸ் தோதேவைத் தெரியும். அவருக்கு முதுகுத்தண்டைத் தின்ற மேகநோய் இருந்தது. தாடையில் வார்கட்டி அந்தரத்தில் தொங்கவிடும் சிகிச்சைவரை எல்லாவற்றையும் முயன்று பார்த்தவர். வலியைப் பற்றி அவர் துண்டுதுண்டாக எழுதிவைத்த குறிப்புகள், அவர் 1897இல் இறந்து பல வருடம் கழித்து 1930இல்தான் நூலாயின. அதில் குணம் இல்லை, ஆகவே கதையும் இல்லை. இன்றைக்கு எங்கே வலித்தது, எதைப் போல் வலித்தது, உடனிருந்த நோயாளிகள் என்ன செய்தார்கள் என்பதுதான். மருந்து ஊசிகளையும் ஊற்றுநீர்க் குளியலையும் அவர் கேலி செய்வதில்லை, தெய்வமாக்குவதும் இல்லை. போனேன், இப்படி இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வகை எழுத்து நமக்கு அதிகம் வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். நீடிப்பதுதான் அதன் இயல்பு என்றால், ‘குணமானேன்’ என்று முடியும் கதை அதன் வடிவமாக இருக்க முடியாது. குணமாகாதவர்கள் அந்த நோட்டில் எழுதுவதில்லை. இரண்டு சிட்டிங்கோடு நின்றுபோனவர்கள், பாதி குறைந்து மறுபடி வந்தவர்கள், எல்லாரும் வெளியேதான் இருக்கிறார்கள். இளிவரல் அவர்கள் வாயைப் பொத்துகிறது.

பன்னிரண்டாவது சிட்டிங் முடிந்து வெளியே வந்தபோது மேடமே நோட்டை நீட்டினார். எழுதினேன்: ‘பன்னிரண்டு தடவை வந்தேன். ஊசி வைத்த நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் முதுகு இழுத்துப் பிடிப்பதில்லை, பிறகு திரும்ப வருகிறது. ராத்திரி உளைச்சல் பாதி குறைந்திருக்கிறது. படபடப்பு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, முன்பு தினமும். மாத்திரை தொடர்கிறது. இங்கே என்னைக் கேட்டார்கள்.’

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“பாதியிலயே நிக்குதேம்மா?”

“ஆமா மேடம்.”

கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு “இருக்கட்டும்” என்று டீப்பாயில் வைத்துவிட்டு, அடுத்த செவ்வாய் ஆறு மணிக்கு வரச் சொன்னார்.