வென்றவன் கதையும் தோற்றவன் மனுவும்

அந்தனி லூயிஸ் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிடியனின் எக்காளம்' என்னும் நூல், அமெரிக்க நீதிமுறை பற்றிப் பொதுவாசகர் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்று. 1980இல் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. அதன் நாயகன் கிளாரன்ஸ் ஏள் கிடியன் ஒரு வறியவர். புளோரிடாவில் பிலியர்ட் மண்டபமொன்றை உடைத்துப் புகுந்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட அவர், 1961இல் சட்டத்தரணி கேட்டு மறுக்கப்பட்டு, தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். மறியற்சாலையிலிருந்து பென்சிலால் அவர் எழுதிய மனுவை ஏற்ற உயர் நீதிமன்றம், பாரதூரமான குற்ற வழக்குகளில் வறியவர்க்கு அரசு சட்டத்தரணியை அளித்தல் வேண்டுமென 1963இல் தீர்த்தது. மறுவிசாரணையில் சட்டத்தரணி துணைநிற்க, அவர் விடுதலையானார்.

நூல் தெளிவானது; ஆசிரியரின் நேர்மையும் ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அது வாசகனிடத்தே விட்டுச்செல்லும் உணர்வு யாது? ஏழையின் கடிதத்துக்கும் அரசின் கதவு திறக்கும் என்னும் மனநிறைவன்றோ? கிடியன் பெற்றுத்தந்த உரிமை குற்ற வழக்குக்கே உரியது. காவலன் அடித்தான் என்றோ, வைத்தியம் மறுக்கப்பட்டது என்றோ கைதி தொடுக்கும் உரிமை வழக்கு குடியியல் வழக்காகும். அங்கே சட்டத்தரணியைப் பெறும் உரிமை அவனுக்கில்லை. சட்டத்தரணியைத் தேடிக்கொள்ள வழியற்ற கைதி, இன்றும் 1961ஆம் ஆண்டுக் கிடியனாகவே நீதிமன்றத்தின் முன் நிற்கின்றான்.

டெக்சாஸ் மாநிலக் கைதி ஜே. டபிள்யூ. காம்பிளை எண்ணிப் பார்ப்போம். 1973 நவம்பரில், சிறைவேலையின்போது பருத்திப் பொதியொன்று அவர்மேல் விழுந்தது. நோவினால் வேலைசெய்ய மறுத்தமைக்காக அவர் தண்டிக்கப்பட்டார். தம் கையாலேயே முறைப்பாடு எழுதி வழக்கிட்டார். கைதியின் கடும் நோயைத் தெரிந்தே புறக்கணித்தல் அரசியலமைப்பு விலக்கிய கொடுந்தண்டனையாகும் என 1976இல் உயர் நீதிமன்றம் விதி வகுத்தது. அதே தீர்ப்பு, வைத்தியப் பிரிவினர் அவரைப் பதினேழு தடவை பார்த்தனரெனக் கூறி, வைத்தியர்க்கெதிரான அவரது முறைப்பாட்டைத் தள்ளிவிட்டது. அவர் வழக்கில் பிறந்த விதி பின்வந்த கைதிகளுக்குப் பயன்பட்டது, அவருக்குப் பயன்படவில்லை.

காம்பிளின் மனு கிடியனின் கதைபோல் மக்களிடையே பரவவில்லை. பரவியது வேறொரு கதை. நிலக்கடலை வெண்ணெயின் வகை பிடிக்கவில்லையென்று ஒரு கைதி வழக்காடினானாம்! கைதிகளின் வழக்குகளைக் கட்டுப்படுத்த முனைந்தோர் இதனைச் சொல்லி நகைத்தனர். நீதிபதி ஜோன் நியூமன் 1996இல் உண்மையை எடுத்துரைத்தார். தவறாக வந்த பொருளை அக் கைதி திருப்பிக் கொடுத்திருந்தான். மாற்றுப்பொருள் கிடைக்குமுன் வேறு சிறைக்கு மாற்றப்பட்டான். இரண்டரை டொலர் மட்டும் அவன் கணக்கிலிருந்து போயிற்று. அது தனக்குச் சேரவேண்டிய பணம் பற்றிய வழக்கு.

ஆயினும் நகைப்பே வென்றது. அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம், வறிய கைதியும் வழக்குக் கட்டணத்தைத் தவணையாகவேனும் முழுமையாகச் செலுத்தவேண்டும் என்றது. சிறையின் உள்முறைப்பாட்டு வழிகள் யாவும் முடிந்தபின்னரே வழக்கிடலாம் என்றது. உடற்காயமின்றி மனத்துன்பத்துக்கு மட்டும் நட்டஈடு கோருவதையும் தடுத்தது. கட்டணமோ 350 டொலர். டெக்சாஸிலே கைதிகளின் பெரும்பாலான உழைப்புக்குக் கூலியே இல்லை.

ஆகவே, கதை சொல்லுதல் குற்றமற்ற பொழுதுபோக்கன்று. வென்ற ஒருவனை மட்டும் பாடுவது அமைப்புக்கு நற்சான்று வழங்குகின்றது. தோற்றவனைக் கோமாளியாக்குவது அவன் வாயைக் கட்டுகின்றது. சட்டப்பயிற்சியற்ற கைதியின் முறைப்பாட்டைச் சட்டத்தரணியின் எழுத்தை அளக்கும் கோலால் அளக்கலாகாது என 1972இல் அந் நீதிமன்றமே கூறியது. உருவத்தின் மெருகைத் தேடி உள்ளடக்கத்தைத் தவறவிடும் நம் விமர்சகரும் இவ்வளவேனும் கற்றல் நன்று. காம்பிளின் கையெழுத்து மனுவை இலக்கியமாகப் படிக்க நாம் இன்னும் தொடங்கவில்லை.